காய்ந்த தலையோடு வந்த வள்ளக்காரர்

காலை ஏழேகால் மணி. முதல் ரயில் வந்து போயிருந்தது. எங்கள் வள்ளப் பட்டறை வாசலில் ஒருவர் நின்றார். முதலில் என் கண்ணில் பட்டது அவருடைய தலைதான். அது காய்ந்திருந்தது.

ஆடி மாதம். மலையை மேகம் மூடியிருந்தது. ஊருக்குள் சாரல் சற்று விட்டிருந்தது. அந்த மாதத்தில் தென்காசி ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் நேராகக் குற்றாலத்துக்குப் போவார்கள். எங்கள் வாடிக்கைக்காரர்கள் கட்டாயம் போவார்கள். அவர்களுக்காகப் பட்டறையின் வில்வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கும். வண்டிக்குள் ஒரு குப்பி நல்லெண்ணெயும் ஒரு பொட்டலம் சீயக்காயும் இருக்கும். அருவியில் குளித்து, கிளப்புக் கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, ஈரத்தலையோடுதான் பட்டறைக்கு வருவார்கள். காய்ந்த தலையோடு ஒருவர் வந்தால் அவர் வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்து வந்திருக்கிறார் என்று அர்த்தம். அதற்கு முன் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

அவர் கையில் ஒரு பனையோலைக் கீற்று இருந்தது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். இரண்டு முனையும் கத்தியால் நேராக வெட்டப்பட்டிருந்தன.

"மேனேஜர் எங்க?" என்றார்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. கடற்கரை ஊர்களில் உள்ள பெரிய பட்டறைகளில் வாடிக்கைக்காரரைக் கவனிப்பதற்கென்றே இப்போது தனியாக ஆள் வைக்கிறார்கள். அந்த வேலையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். குறை சொல்லி வருகிறவரிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். நான் வேலை பார்த்த பட்டறையில் முதலில் எதுவும் சொல்வதில்லை. அதை வாயால் விளக்கினால் வேடிக்கையாகப் பட்டது. எழுதித் தருவதாகச் சொன்னேன்.

கடலே இல்லாத தென்காசியில் வள்ளப் பட்டறை எப்படி வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வள்ளம் என்பது ஒரே மரத்தில் குடைந்த படகு; அதற்கான மரம் கடற்கரையில் இல்லை. செங்கோட்டைக்கு அப்பால் மலையில் இருக்கிறது. முழு மரத்தைச் சுமந்து போவதைவிட, குடைந்து எடை குறைத்து அனுப்புவது லாபம். மலையிலிருந்து ஆயினி மரம் மாட்டுவண்டியில் எங்கள் பட்டறைக்கு வரும். சிற்றாற்றுப் பக்கம் நீளமான ஓலைக் கொட்டகைகளில் அதைக் குடைவோம். முடிந்த வள்ளத்தைக் கூட்ஸ் வண்டியின் திறந்த பெட்டியில் ஏற்றித் திருநெல்வேலி வழியாகக் கடற்கரைக்கு அனுப்புவோம். சுற்று வட்டாரக் குளங்களில் மீன் குத்தகை எடுத்தவர்களுக்குச் சிறு படகுகளும் செய்தோம்.

நான் அதற்கு முன் திருநெல்வேலியில் ஒரு வாரப் பத்திரிகையில் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். பத்திரிகை நின்றுபோனது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் பட்டறையில் கடிதப் போக்குவரத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். மேனேஜர் அருமைநாயகம் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பத்திரிகையில பாத்தத எழுதுவீங்களா, நெனச்சத எழுதுவீங்களா?"

"பாத்தத."

"அப்ப நாளைக்கு வாங்க."

முதல் ஒரு வருஷம் மரத்தின் பெயர்களைக் கற்றேன். ரயில்வே கூட்ஸ் ஆபீசில் காத்திருக்கக் கற்றேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. வாடிக்கைக்காரர்கள் என்னைப் 'பேப்பர்காரத் தம்பி' என்று கூப்பிட்டார்கள். தலை நரைத்த பிறகும் அந்தத் 'தம்பி' போகவில்லை.

அருமைநாயகம் ஒல்லியான, உயரமான மனிதர். பட்டறைக்கு வருமுன் ரயில்வேயில் கூட்ஸ் குமாஸ்தாவாக இருந்தவர். உடைந்த சாமான்களுக்காகச் சண்டைக்கு வருகிறவர்களை அங்கே பல வருஷம் பார்த்திருந்தார். வாடிக்கைக்காரர் நிற்கும்போது அவர் உட்காரமாட்டார். மேஜைக்குப் பின்னால் நின்றும் பேசமாட்டார், முன்னால் வந்துவிடுவார். குறை சொல்ல வந்தவர் அதே குறையை இரண்டாம் முறை சொல்லத் தொடங்கும்வரை வாயைத் திறக்கமாட்டார். முதல் முறை சொல்லும்போது அவர் கோபத்தைச் சொல்லுகிறார், இரண்டாம் முறைதான் நடந்ததைச் சொல்லுவார் என்பது அருமைநாயகத்தின் கணிப்பு. நான் கவனித்த அளவில் அது பெரும்பாலும் சரியாக இருந்தது.

அருவிக் குளியலும் அவருடைய ஏற்பாடுதான். "ராத்திரி முழுக்க ரயில்ல உக்காந்து கோவத்தக் காய்ச்சிக்கிட்டே வருதாங்க. அருவியில தலையக் குடுத்தா பாதி அங்கனயே போயிரும். மீதிப் பாதிக்குத்தான் நாம பொறுப்பு" என்பார். ஊர்க்காரர்கள் எங்களை 'எண்ணெய்ப் பட்டறை' என்று கேலி செய்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

விற்பதற்கு அவர் அவசரப்பட்டும் நான் பார்த்ததில்லை. வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக் குளத்துக் குத்தகைக்காரர் ஒருவர், ராயகிரிக் குத்தகைக்காரர் எங்களிடம் வாங்கியதைவிடப் பெரிய படகு தனக்கு வேண்டும் என்று வந்து நின்றார். கொட்டகையில் கடலுக்குப் போகத் தயாராக இருந்த வள்ளத்தைத் தட்டிப் பார்த்து, இதுவே இருக்கட்டும் என்றார்.

அருமைநாயகம் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அவரோடு மெதுவாக நடந்தார். பிறகு, "அண்ணாச்சி, ஒங்க கொளத்துல இதத் திருப்பணும்னா கரையில ஏத்தித்தான் திருப்பணும்" என்றார்.

குத்தகைக்காரர் சிரித்துவிட்டார். "ராயகிரியான் படகவிட ஒரு சாணாவது கூட இருக்கணும்வே" என்றார். ஒரு சாண் கூடுதலாகச் செய்து கொடுத்தோம். சாகும்வரை அவர் வேறு பட்டறைக்குப் போகவில்லை.

இனி அந்தக் காய்ந்த தலைக்காரர். அவர் பெயர் சவரிமுத்து. திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். முந்தைய வருஷம் புயலில் அவருடைய பழைய வள்ளம் போயிற்று. ஆட்கள் நீந்திப் பிழைத்தார்கள். புது வள்ளத்துக்கான மரத்தை எங்கள் பட்டறையில் அவரே தேர்ந்தெடுத்தார். அது ஆடித் தொடக்கத்தில்தான் இங்கிருந்து போயிருந்தது.

அருமைநாயகம் வெளியே வந்தார். "வாங்க அண்ணாச்சி. வண்டி நிக்கி. ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துருங்க" என்றார்.

"குளிக்கவா வந்தேன்? வள்ளம் பொளந்து கெடக்கு. என் தலையில தண்ணி ஊத்துனா அது ஒட்டிக்கிடுமா?"

பனையோலைக் கீற்றை நீட்டினார். "இந்தாங்க. இம்புட்டு நீளம். அணியத்துல. விரல் போவுது."

அணியம் என்பது வள்ளத்தின் முன்பக்கம். அருமைநாயகம் கீற்றை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நின்றார்.

சவரிமுத்து பேசினார். பட்டறையைத் திட்டினார், மரத்தைத் திட்டினார், மரத்தைத் தேர்ந்தெடுத்த தன் கண்ணையும் திட்டினார். பிறகு அவருடைய ஆட்களைப் பற்றி வந்தது. அவரையும் சேர்த்து வள்ளத்தில் போகிறவர்கள் ஆறு பேர். காற்று அடங்கினால் தொழில் தொடங்கும். அதற்குள் வள்ளம் இல்லையென்றால், ஊர்த் திருநாள் முடிந்த கையோடு மற்ற ஐந்து பேரும் கொழும்புத் துறைமுகத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். அவருடைய மனைவியின் தம்பி அந்தோணிதான் அதற்குத் தலைவன்.

"போனவன் எவன் திரும்பி வந்தான்? சேந்து வலிச்ச கை இது. பிரிஞ்சா பிரிஞ்சதுதான். நான் ஒத்தையில கரையில உக்காந்து வலை பின்னணுமா?"

சற்று நிறுத்தினார். பிறகு, "வள்ளம் பொளந்து கெடக்கு" என்று மறுபடி தொடங்கினார்.

அருமைநாயகம் அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஸ்டேஷன்ல எறக்கினதுலேருந்து சொல்லுங்க."

இங்கே எங்கள் முறையைச் சொல்ல வேண்டும். சாரல் காலத்தில் குடைந்த மரத்தில் ஈரம் நிறைய இருக்கும். கடற்கரையில் அதே மாதத்தில் வறண்ட மேல்காற்றும் வெயிலும். அதனால் வள்ளத்துக்குள் ஈர மணலை நிரப்பி, வெளியே வைக்கோல் பிரி சுற்றி, அதையும் நனைத்து அனுப்புவோம். எங்கள் ஆள் ஒருவர் கூடவே போய் வழியில் தண்ணீர் ஊற்றுவார். இறங்கும் ஸ்டேஷனில் வாடிக்கைக்காரரிடம் ஒப்படைத்து, கடலில் இறக்கும்வரை ஈரம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். இவர்களிடமும் சொல்லியிருந்தார்.

சவரிமுத்துவின் குரல் மாறியது. வள்ளம் ஊருக்கு வந்ததை அவர் பெருமையோடு சொன்னார். இரண்டு வண்டிகளைச் சேர்த்துக் கட்டி அதில் ஏற்றினார்களாம். மேளம் வைத்தார்களாம். ஊர் எல்லையில் பெண்கள் பூ போட்டார்களாம். மணலைக் கொட்டி, வைக்கோலைப் பிரித்து, துடைத்து, மாலை போட்டுக் கோயில் முன்னால் நிறுத்தினார்களாம், பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரிப்பதற்காக.

"சாமியார் வந்தாரா?"

"காலையில வரேன்னாரு. பக்கத்து ஊர்ல ஒரு நோயாளிக்கு அவசரம்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. வர சாயங்காலம் ஆயிட்டு."

"அதுவரைக்கும் வள்ளம்?"

"கோயில் முன்னாலதான். மந்திரிக்காம எப்படிக் கடக்கரைக்குக் கொண்டுபோவ?"

"வைக்கோல் இல்லாம."

"வைக்கோலோடயா சாமியாருக்குக் காட்டுவாங்க? பொண்ணச் சாக்குல கட்டியா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க?"

வண்டிக்காரர் மாடசாமி மாட்டுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அட, வெயில்லயா வச்சீக!" என்று அவர் சிரிக்கத் தொடங்கினார்.

"மாடசாமி, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்றார் அருமைநாயகம்.

"காட்டியாச்சு ஐயா."

"இன்னொரு தடவ காட்டும்."

மாடசாமி போய்விட்டார். சவரிமுத்து தரையைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் அவர் முகத்தில் வந்தது வெட்கம் மட்டுமில்லை, பயமும். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஒங்க வேலையில கோளாறுன்னாத் தேவல. வேற வள்ளம் கேட்டு வாங்கிட்டுப் போவேன். மந்திரிக்கக் காத்துக்கிடந்த எடத்துல பொளந்துதுன்னா, ராசி கெட்ட வள்ளம்னு அந்தோணி இப்பவே சொல்லுதான். ஒட்டிக் குடுத்தாலும் ஏறமாட்டாங்க."

பட்டறை மேல் பழி இல்லை என்று அப்போது அருமைநாயகம் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அது உண்மையாகவும் இருந்திருக்கும். அவர் சொன்னது இதுதான்:

"ஈரம் போகக் கூடாதுன்னு நாங்க சொன்னோம். போனா என்ன ஆவும்னு சொல்லல. காரணம் சொல்லியிருந்தா நீங்க பந்தல் போட்டிருப்பீங்க. அந்த மட்டும் எங்க பொறுப்பு. ஆள் அனுப்புதேன். மரமும் அனுப்புதேன். இப்பக் குளிச்சிட்டு வாங்க."

சவரிமுத்து குளிக்கவில்லை. "வள்ளம் தண்ணியில எறங்கட்டும், அப்புறம் நான் எறங்குதேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார்.

முதலாளி செங்கோட்டையில் இருந்தார். மறுநாள் வந்தபோது, தப்பு அவர்களுடையதாக இருக்கும்போது நாம் ஏன் ஆள் அனுப்ப வேண்டும் என்று கேட்டார். அருமைநாயகம், "அந்த வள்ளம் கரையில கெடந்தா நம்ம பேரச் சொல்லிட்டுத்தான் கெடக்கும்" என்றார். எங்கள் பட்டறையில் ஒவ்வொரு மரத்திலும் வெட்டி எடுத்த மிச்சத்தில் ஒரு துண்டை ஈர மணலில் புதைத்து வைப்போம். அதிலிருந்து செய்த வள்ளம் ஒரு மழைக்காலத்தைத் தாண்டும்வரை அந்தத் துண்டை எடுக்கமாட்டோம். ஒட்டுப் போட நேர்ந்தால் அதே மரமாக இருக்க வேண்டும். சுருங்குவதும் உப்புவதும் ஒன்றாக நடக்கும். சவரிமுத்துவின் மரத்துத் துண்டை அருமைநாயகம் எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, நீலகண்டன் ஆசாரியையும் என்னையும் அனுப்பினார். ஆசாரி புளியறைக்காரர், பேச்சில் பாதி மலையாளம்.

போகும்போது அருமைநாயகம் என்னிடம், "ஒட்ட ஆசாரி பாத்துக்கிடுவாரு. அவங்க ஆளுங்க முன்னால காரணத்தக் காட்டுறது ஒங்க வேல. சொல்லாதீங்க, காட்டுங்க" என்றார்.

வள்ளம் கரையில் ஓலை மூடிக் கிடந்தது. ஐந்து பேரும் வந்து தள்ளியே நின்றார்கள். அந்தோணி இளைஞன். கையைக் கட்டிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"பேனா புடிச்ச ஆள அனுப்பியிருக்காங்க. பேனாவ வச்சுத் தைப்பாரா?"

ஆசாரி விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, "சாரமில்லெ" என்றார். பரவாயில்லை என்று பொருள். கொண்டுவந்த துண்டிலிருந்து கை அகலத்தில் இரண்டு கட்டைகளை அறுத்துத் தரச் சொன்னேன். ஒன்றை ஈர வைக்கோலில் சுற்றினேன். இரண்டையும் கோயில் முன்னால், வள்ளம் நின்ற அதே இடத்தில் வைத்தேன். அந்தோணியையே காவல் இருக்கச் சொன்னேன்.

"எதுக்கு?"

"நாங்க தொடலன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்."

அவனுக்கு அது பிடித்திருந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கட்டைகளுக்கு முன்னால் குந்திவிட்டான். ஊரில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். சவரிமுத்து வரவில்லை, வள்ளத்தின் பக்கத்திலேயே நின்றார். நடுப்பகல் தாண்டியதும் அந்தோணி எழுந்து, "ஏலே, சத்தம் கேட்டியாலே?" என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். வெயிலில் இருந்த கட்டையின் முனையில் மயிரளவு கோடு விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீண்டது. வைக்கோலில் இருந்த கட்டையை அவனே பிரித்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில் சாமியாரும் அங்கே வந்திருந்தார். வயதானவர். இரண்டு கட்டைகளையும் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப நான் காலையிலயே வந்திருந்தா?" என்று என்னைக் கேட்டார்.

அந்தோணி முந்திக்கொண்டு, "பொளந்திருக்காது சாமி" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கு அது உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சாமியார் சிரித்தார். "சரி. இனிமே வைக்கோலோட கொண்டாங்கப்பா. நான் வைக்கோலுக்கு மேலேயே மந்திரிக்கேன். ஆண்டவருக்கு உள்ள இருக்கது தெரியும்" என்றார்.

கூட்டம் சிரித்தது. அந்தோணி கட்டைகளை வாங்கிக்கொண்டு வள்ளத்தை நோக்கி நடந்தான். மற்ற நான்கு பேரும் பின்னால் போனார்கள்.

ஆசாரி விரிசலின் இரண்டு முனையிலும் துளையிட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்தினார். உள்பக்கம் அதே மரத்தின் பலகையை வைத்து, ஓரங்களில் துளை போட்டுக் கயிற்றால் தைத்தார். இடுக்கில் தேங்காய் நாரை அடைத்துக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினார். கயிற்றை இழுத்துப் பிடித்தவன் அந்தோணி. "இன்னும் வலி, இன்னும் வலி" என்று ஆசாரி சொல்லிக்கொண்டே இருந்தார். அவனும் முணுமுணுத்துக்கொண்டே இழுத்தான். "எங்க அக்காளக் கெட்டிக் குடுக்கையில கூட இம்புட்டுப் பாடுபடல" என்று சவரிமுத்துவைப் பார்த்துச் சொன்னான். சவரிமுத்து முதல் தடவையாகச் சிரித்தார். வள்ளம் இறங்கும்வரை நாங்கள் இருக்கவில்லை, காற்று அடங்கவில்லை. திருநாளுக்கு முன்னால் தென்காசிக்குத் திரும்பிவிட்டோம். அதன் பிறகு அங்கிருந்து ஒரு செய்தியும் இல்லை.

நடந்ததைப் பார்த்தபடி அருமைநாயகத்திடம் சொன்னேன். சாமியார் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அடுத்து அனுப்பிய வள்ளத்திலிருந்து ஒரு மாற்றம் செய்தார். அதே மரத்தின் மிச்சத்திலிருந்து ஒரு சிறு பலகை இழைத்து, வைக்கோலுக்கு மேலே முன்பக்கத்தில் கட்டினோம். மாலை போடுகிறவர்கள் அதில் போடலாம். தீர்த்தம் தெளிக்கலாம், சந்தனம் வைக்கலாம், ஊதுபத்தி காட்டலாம். கோயிலோ மாதாவோ பள்ளிவாசலோ, அவரவர் முறைப்படி எல்லாம் அந்தப் பலகைக்கே நடக்கும்; வள்ளம் நனைந்தபடி உள்ளே இருக்கும். கடலில் இறக்கிய பிறகு பலகையைக் கழற்றி உள்ளே குறுக்கே அடித்துக்கொள்வார்கள். வாடிக்கைக்காரர்கள் அதற்கு 'மாலைப் பலகை' என்று பெயர் வைத்தார்கள். பலகை இல்லாமல் அனுப்பாதீர்கள் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லத் தொடங்கினார்கள். எங்கள் ஆளும் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது இரண்டு கட்டைகளைக் காட்டிக் காரணத்தையும் சொல்லிவிட்டு வந்தார். ஒன்று பிளந்தது, ஒன்று பிளக்காதது.

நான் பார்த்த முதலாளிகளும் மேனேஜர்களும் பலர். யார் மேல் தவறு என்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் நிறைய உண்டு. கண்டுபிடித்த பிறகு அதில் தன் பங்கைத் தேடி எடுத்தவர் அருமைநாயகம் ஒருவர்தான்.

அடுத்த வருஷம் சாரல் தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலையில் மாடசாமி வில்வண்டியை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். மாடுகள் சிரமப்பட்டன. வண்டிக்குள் இடம் போதாமல் பின்னால் இரண்டு பேர் தொங்கிக்கொண்டு வந்தார்கள். அந்தோணி முன்னால் உட்கார்ந்து, "எண்ணெய்க் குப்பி காலி அண்ணாச்சி, இன்னும் பெரிய குப்பியா வையுங்க" என்று சத்தம் போட்டான். சவரிமுத்து இறங்கினார். அருமைநாயகம் மேஜையை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார்.

ஆறு பேரும் வந்திருந்தார்கள். எல்லாருடைய தலையும் ஈரமாக இருந்தது.